இரண்டு ராத்திரி தங்கி வாருங்கள்: பசுவந்தனை வட்டாரத்து ஜனங்களுக்கு ஒரு மடல்

பசுவந்தனையிலிருந்தும் எப்போதும்வென்றான், குறுக்குச்சாலை, எட்டயபுரம் பக்கத்து ஊர்களிலிருந்தும் இராமேஸ்வரம் வர நாள் பார்த்துக்கொண்டிருக்கும் அண்ணாச்சிமார்களுக்கும் மதினிமார்களுக்கும் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும்,

கைலாசநாதர் கோயில் மணிச்சத்தம் கேட்டு வளர்ந்து, பள்ளிக்கூட வேலை கிடைத்துத் தங்கச்சிமடத்தில் குடியேறிவிட்ட உங்கள் ஊர்ப் பிள்ளை எழுதுகிறேன். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் நம் பக்கத்து வேன்கள் இந்தத் தீவுக்குள் வருவதை வருஷா வருஷம் பார்க்கிறேன். முந்தின நாள் ராத்திரி ஊரில் கிளம்புகிறீர்கள். விடியுமுன் அக்னி தீர்த்தக் கரையில் இறங்கிக் கடலில் முங்கி, தர்ப்பணம் கொடுத்து, 22 தீர்த்தமும் ஆடி, சாமி கும்பிட்டு, கட்டிக்கொண்டு வந்த புளியோதரையை வேன் நிழலில் சாப்பிட்டு, தனுஷ்கோடிக்கு ஒரு ஓட்டம் ஓடி, இருட்டுமுன் பாலத்தைத் தாண்டிவிடுகிறீர்கள். பெற்றவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய வருகிறீர்கள், அதில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இத்தனை தூரம் வந்தும் இந்தத் தீவைப் பார்க்காமலேயே போகிறீர்களே என்று எனக்கு மனசு ஆறவில்லை.

தண்ணிக்கு அலைந்து வளர்ந்த ஜனம் நாம். வானம் பார்த்து விதைக்கிறவர்கள். பிழைக்க வழி தேடி ஊரைவிட்டுப் போனவர்களின் வாரிசுகள். இந்த மூன்றையும் உடம்பால் அறிந்தவர்களுக்குத்தான் இந்தத் தீவு தன்னை முழுசாகக் காட்டும். அதனால்தான் இந்த மடல். மாசி மாதத்தில், மானாவாரி வெள்ளாமை வீடு வந்து சேர்ந்த பிறகு, இரண்டு ராத்திரி தங்குகிற மாதிரி ஒரு தடவை வாருங்கள்.

வழி உங்களுக்குத் தெரியும். எட்டயபுரம், விளாத்திகுளம் போய், வேம்பாரில் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தால் சாயல்குடி, ஏர்வாடி, கீழக்கரை, இராமநாதபுரம், மண்டபம். ஆனாலும் வரும்போதோ போகும்போதோ ஒரு வழியாவது ரயிலில் பகலில் கடந்து பாருங்கள். கோவில்பட்டியிலிருந்து மதுரை போய்விட்டால் இராமேஸ்வரத்துக்கு வண்டி உண்டு. 1914-இல் கடலுக்குமேல் போட்ட பழைய பாம்பன் பாலம் நூறு வருஷத்துக்குமேல் உழைத்து, 2022 கடைசியில் ஓய்வுக்கு வந்தது. அதை ஒட்டியே கட்டிய புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. பழைய பாலத்தில் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து கை தூக்குவதுபோல் மேலே எழுந்துகொண்டிருந்தது. புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத்துண்டு அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் உயரம் போய், அடியில் கப்பலுக்கு வழிவிடும். பக்கத்திலேயே இருக்கிற சாலைப் பாலம் 1988-இல்தான் வந்தது. அதற்கு முந்தி இந்தத் தீவுக்கு ரயிலோ படகோதான். ரயிலில் கதவோரம் நிற்க வேண்டாம், காற்று பொல்லாதது. ஜன்னலில் உட்கார்ந்தால் போதும், இருபக்கமும் கடல் விரிந்து கிடக்கும். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. இங்குள்ளவர்களுக்கு அவை வடகடல், தென்கடல்.

கோயிலைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் பாட்டிமார்களே சொல்லியிருப்பார்கள். நடைமுறைக்கு ஒன்றிரண்டு மட்டும். கடலில் முங்கிவிட்டுத்தான் உள்ளே தீர்த்தமாட வேண்டும். சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கிணற்றுச் சுவரில் ஏறி நின்று வாளியால் இறைத்து ஊற்றுகிறவர்கள் யாத்திரைப் பணியாளர்கள். அது அவர்கள் வயிற்றுப்பாடு, மரியாதையாகப் பேசுங்கள். ஈரத்துணியோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள், மாற்றுத்துணி கையில் இருக்கட்டும். மத்தியானம் நடை சாத்தியிருக்கும். சாயங்காலம் கூட்டம் குறைந்த நேரத்தில் மூன்றாம் பிரகாரத்தை ஒருமுறை முழுக்கச் சுற்றி வாருங்கள். 1212 தூண்கள் என்று கணக்குச் சொல்வார்கள். சேதுபதி மன்னர்கள் காலத்தில் தலைமுறைகளாகக் கட்டியது. கருங்கல் கிடைக்காத மணல்தீவில் இத்தனை கல்லையும் எப்படிக் கடல் தாண்டிக் கொண்டுவந்திருப்பார்கள் என்று நம் ஊர்க் கொத்தனார்கள் நின்று யோசிக்க வேண்டிய இடம் அது.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த 22 தீர்த்தங்களில் பெரும்பாலானவை கிணறுகள். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஆனாலும் தலையில் விழுகிற தண்ணீர் உப்புக் கரிக்காது. நாக்கில் பட்டதுமே உங்களுக்குத் தெரிந்துவிடும். புண்ணியம் என்று கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கும்பிட வேண்டியதுதான். அதோடு, இது எப்படி நடக்கிறது என்றும் கேளுங்கள். நம் பக்கம் போர் போட்டவர்களைக் கேட்டால் தெரியும், கடலிலிருந்து இத்தனை மைல் தள்ளி இருந்தும் எத்தனை அடி இறக்கினாலும் சில இடங்களில் சவர்த் தண்ணிதான் வருகிறது. கோவில்பட்டி டவுனே சீவலப்பேரியிலிருந்து குழாயில் வரும் தாமிரபரணியை நம்பித்தான் இருக்கிறது. இங்கே சுற்றிலும் கடல், நடுவில் நல்ல தண்ணீர்.

சங்கதி மணலில் இருக்கிறது. நம் கரிசலில் மழை விழுந்தால் மண் பொம்மிக்கொள்ளும், வெடிப்பு மூடும், பிறகு தண்ணீர் மேலேயே நின்று கண்மாய்க்கு ஓடும். இந்த மணலில் மழை விழுந்த இடத்திலேயே மறைந்துவிடும், ஓடாது. உள்ளே போன மழைத்தண்ணீர் கடல்நீரைவிட எடை குறைந்தது. ஆகவே மண்ணுக்குள் ஏற்கெனவே ஊறியிருக்கும் உப்புநீரின் மேல் அது தனி அடுக்காகத் தங்கும். நூறு வருஷத்துக்கு முந்தியே நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் இதை அளந்து ஒரு கணக்குச் சொல்லிவைத்தார்கள்: கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், அதற்குக் கீழே ஏறக்குறைய 40 அடி நல்ல தண்ணீர் இருக்கும். கேட்க சந்தோஷமாக இருக்கிறதல்லவா. அதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். மோட்டார் வைத்து உறிஞ்சி மேலே ஒரு அடி குறைத்தால், அடியில் உப்பு 40 அடி ஏறிவரும். ஏறிய உப்பை இறக்க எத்தனையோ மழைக்காலம் வேண்டும்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் தனுஷ்கோடியில் குடியிருக்கும் மீனவர்களிடம் போங்கள். குடிசையிலிருந்து கொஞ்சம் தள்ளி மணலில் ஒரு பள்ளம் இருக்கும். ஊற்று என்பார்கள். ஒரு ஆள் உட்கார்ந்து எட்டுகிற ஆழம்தான். ஒரு அம்மா அதன் விளிம்பில் குந்தி, சிரட்டையால் மெல்ல மெல்ல கோரிக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சிரட்டை அடியைத் தொடாது. மேல்தண்ணீரை மட்டும் அள்ளும். பள்ளம் வற்றினால் அவர் தோண்டமாட்டார், கையைக் கட்டிக்கொண்டு இருப்பார். ஓரத்து மணலிலிருந்து பொட்டுப்பொட்டாகக் கசிந்து மறுபடி சேரும். "ஏன் இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தோண்டக் கூடாது?" என்று கேட்டேன். "தோண்டுனா உப்பு வந்துரும்லா" என்றார். பொறியாளர்கள் எழுதிவைத்த கணக்கு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. அவர் குந்தியிருந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் கடல் இரைந்துகொண்டிருந்தது.

தங்கச்சிமடம் பக்கம் வில்லூண்டி தீர்த்தம் என்று ஒன்று இருக்கிறது. கரையிலிருந்து ஒரு சின்னப் பாலம், அதன் முடிவில் கடலுக்குள்ளேயே ஒரு கிணறு. சீதையின் தாகம் தீர்க்க ராமன் வில்லை ஊன்றிய இடம் என்பது ஐதீகம். பிள்ளைகளைக் கண்டிப்பாக அங்கே கூட்டிப்போங்கள். கதையையும் சொல்லுங்கள், மணலின் கணக்கையும் சொல்லுங்கள். இரண்டும் அவர்களுக்கு வேண்டும்.

இதை இவ்வளவு விரித்து எழுதக் காரணம் இருக்கிறது. காவிரிக் கூட்டுக் குடிநீர் இப்போது பாலம் தாண்டித் தீவுக்கு வருகிறது. இருந்தாலும் விடுதிகளும் யாத்திரிகர் கூட்டமும் பெருகப் பெருக, மணலுக்கடியில் இருக்கும் தண்ணீரின் மேல் பாரம் ஏறிக்கொண்டே போகிறது. டேங்கர் லாரிகள் ஓடுகின்றன. விடுதியில் ரூம் போட்டதும் ஷவரைத் திறந்துவிட்டு ஊர் அழுக்கையெல்லாம் போக்கிக்கொள்கிற வழக்கம் நமக்கு வேண்டாம். வாளியில் பிடித்துக் குளியுங்கள். குடத்தைத் தூக்கிக்கொண்டு அடிபம்பு வரிசையில் நின்ற ஜனத்துக்கு இதை நான் சொல்லித்தர வேண்டுமா?

அடுத்து, சின்னப்பாலம். பாம்பனுக்குத் தெற்கே, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலத்தில் இருக்கிற மீனவக் குடியிருப்பு. உங்கள் வேன் ஒருநாளும் அங்கே திரும்பியிருக்காது. அந்த ஊர்ப் பெண்கள் பாசி எடுக்கப் போகிறவர்கள். விடியுமுன் வல்லத்தில் கிளம்பி, மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிய பாறைத் திட்டுகளில் இறங்கி, மூச்சை அடக்கி முங்கி, கையால் பிய்த்து எடுப்பார்கள். மரிக்கொழுந்துப் பாசி என்று ஒன்று, கட்டக்கோரை என்று ஒன்று. அகர்அகர், மருந்து, உரம் என்று எங்கெங்கோ போய்ச்சேருகிற சரக்கு. இடுப்பில் வலைப்பை, கண்ணுக்கு ஒரு கண்ணாடி. பாறை கிழிக்காமல் இருக்க விரல் ஒவ்வொன்றிலும் துணிக்கிழிசலைச் சுற்றியிருப்பார்கள். மூச்சுக்குழாய் கிடையாது, சிலிண்டர் கிடையாது. கரைக்கு வந்ததும் அந்தத் துணியை அவிழ்ப்பதைப் பார்க்க வேண்டும். நனைந்து இறுகிப்போயிருக்கும், பல்லால் கடித்துத்தான் முடிச்சை எடுப்பார்கள். உள்ளே விரல்நுனி வெளுத்து, ஊறி, அங்கங்கே வெட்டுப்பட்டிருக்கும். பருத்திக் காட்டில் சுளைக் கூர் கிழித்த நம் அம்மாமார்களின் விரல்களைப் பார்த்தவர்கள் நாம்.

இவர்களைப் போன்ற பெண்கள் தூரத்தில் இன்னொரு தீவிலும் உண்டு. கிழக்கே, தென்கொரியாவுக்குக் கீழே ஜேஜு என்று ஒரு தீவு இருக்கிறது. எரிமலை கக்கிய கருங்கல்லால் ஆன தீவு. கல்லும் காற்றும் பெண்களும் நிறைந்த தீவு என்று அந்த நாட்டிலேயே சொல்வார்கள். அங்கேயும் மழை கல்லின் துவாரங்கள் வழியே உள்ளே இறங்கி, கடலோரத்தில்தான் ஊற்றாக வெளிவருகிறது. ஆகவே பழைய ஊர்கள் அந்த ஊற்றுகளைச் சுற்றியே அமைந்தன. அங்கேயும் பெண்கள் மூச்சை அடக்கிக் கடலில் முங்கிச் சிப்பியும் சங்கும் அகர்ப் பாசியும் எடுக்கிறார்கள். ஹெய்ன்யோ என்று பெயர். இப்போது முங்குகிறவர்களில் பெரும்பாலோர் அறுபது வயதைக் கடந்த பாட்டிமார்கள். 2016-இல் யுனெஸ்கோ அவர்களுடைய வாழ்க்கைமுறையை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. அவர்களுக்கென்று தனி அருங்காட்சியகம் இருக்கிறது. ஜேஜுவுக்குச் சுற்றுலாப் போகிறவர்களில் பலர் அந்தப் பாட்டிகளைத் தேடிப்போய்ப் பார்க்கிறார்கள். நம் கைக்கெட்டும் தூரத்தில், அதே உழைப்பைச் செய்கிற தமிழச்சிகளை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

வெளியூர்க்காரர்கள் கண்டுகொண்டார்கள். 2015-இல் சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு அமெரிக்காவில் சீகாலஜி என்கிற அமைப்பின் விருதைக் கொடுத்தார்கள். பாசி எடுக்கும் பெண்களைத் திரட்டியதற்கும், கடலைக் காக்கக் கட்டுப்பாடு கொண்டுவந்ததற்கும் கிடைத்த மரியாதை அது. மாதத்தில் இத்தனை நாள்தான் கடலில் இறங்குவது, மீன் இனம் பெருகும் காலத்தில் பாசியைத் தொடுவதில்லை என்று அந்தப் பெண்கள் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு வேறு நெருக்கடியும் உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. பவளப்பாறையைக் காக்க வேண்டும் என்கிறது அரசு. தலைமுறையாக இறங்கிய கடல் என்கிறார்கள் பெண்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் கடலுக்குள் இறங்கிப் பார்த்தவர்களைக் கேட்காமல் போடுகிற எந்தச் சட்டமும் நிற்காது என்பது என் எண்ணம். சின்னப்பாலத்துக்குப் போனால் வேடிக்கை பார்க்கப் போகிற மாதிரிப் போகாதீர்கள். கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். மதினிமார்கள் முன்னே போகட்டும். பேச்சு தானாக வரும். ஒரு டப்பா கோவில்பட்டிக் கடலைமிட்டாய் கையில் இருந்தால் பிள்ளைகள் உங்களை விடவே மாட்டார்கள்.

தனுஷ்கோடிக்கு ஒரு முழுக் காலைப்பொழுதைக் கொடுங்கள். அரிச்சல்முனை வரைக்கும் இப்போது தார்ச்சாலை. 2017-இல் திறந்தது. சாயங்காலமானால் காவல்துறை திருப்பி அனுப்பிவிடும், ஆகவே சீக்கிரம் போவது நல்லது. வழியில் கோதண்டராமர் கோயில். 1964 புயலிலும் நின்ற கோயில் அது. பிறகு இடிந்த தேவாலயம், ரயில் நிலையத்தின் மிச்சம். 1964 டிசம்பர் 22, அந்த மார்கழி ராத்திரியைப் பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பாம்பனிலிருந்து கிளம்பிய பயணிகள் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது கடல் எழுந்து மொத்தமாக இழுத்துக்கொண்டது. அதில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. ஊரும் போயிற்று. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது; மீனவர்கள் மட்டும் இன்னும் அங்கே குடியிருக்கிறார்கள். பாம்பன் பாலத்தின் கர்டர்களையும் கடல் பெயர்த்திருந்தது. ஸ்ரீதரன் என்கிற இளம் பொறியாளரின் பொறுப்பில் 46 நாளில் அதைத் திரும்ப நிறுத்தினார்கள். பிற்காலத்தில் டெல்லி மெட்ரோவைக் கட்டியவர் அவர்தான். ஆனால் தனுஷ்கோடிக்குப் போன தண்டவாளத்தைத் திரும்பப் போடவே இல்லை.

அந்தத் தண்டவாளம் எதற்காக இருந்தது என்பதை நம் பக்கத்து ஜனங்கள் மறந்துவிடக் கூடாது. 1914 முதல் மதராஸில் ஏறினால் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், அங்கிருந்து கொழும்புக்கு மறுபடி ரயில். திருநெல்வேலிச் சீமை, இராமநாதபுரம் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் கொஞ்சநஞ்சமா? மண்டபத்தில் முகாம் போட்டு நோய் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பினார்கள். மழை பொய்த்த வருஷங்களில் நம் காடுகளைத் தரிசாகப் போட்டுவிட்டுக் கண்டிக்குப் போன கொள்ளுத்தாத்தா உங்களில் பல வீட்டில் இருப்பார். புயலுக்கு இரண்டு மாதத்துக்கு முன், 1964 அக்டோபரில், சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டார்கள். அந்தத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைகளை லட்சக்கணக்கில் இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானமாயிற்று. தனுஷ்கோடி போய்விட்டதால் தலைமன்னாரிலிருந்து கப்பல் இராமேஸ்வரத்துக்கு வந்தது. பார்த்தே இராத ஊருக்கு, ஒரு டிரங்குப் பெட்டியோடு, இந்தக் கரையில்தான் இறங்கினார்கள். 1983-க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்த ஈழத்துச் சனங்களும் இந்தத் தீவின் கரைகளில்தான் இறங்கினார்கள், 2022-இல் பொருளாதார நெருக்கடிக்குத் தப்பி வந்தவர்களும் இங்கேதான். அரிச்சல்முனையில் நின்று பார்த்தால் தலைமன்னார் முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. போன நம் ஆட்களை அங்கே நின்று கொஞ்சம் நினையுங்கள். அமாவாசையன்று பெயர் தெரிந்த முன்னோருக்கு எள்ளும் தண்ணியும் இறைக்கிறோம். பெயர் தெரியாமல் கண்டித் தோட்டத்தில் புதைந்தவர்களுக்கும் ஒரு கை இறைக்கலாம்.

அந்த முனையில் குளிக்காதீர்கள். ஒரு பக்கம் குளம் மாதிரி அமைதியாகத் தெரியும், அதைப் பெண்கடல் என்பார்கள். மறுபக்கம் இரைகிறது ஆண்கடல். இரண்டும் சேருகிற இடத்தில் அடியில் இழுப்பு இருக்கிறது. மணலும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். பிள்ளைகளின் கையை விடாதீர்கள். கரைவலை இழுக்கிறவர்களைப் பார்த்தால் நின்று பாருங்கள், ஆள் குறைந்தால் அண்ணாச்சிமார்கள் கயிற்றில் கை கொடுக்கலாம், வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

தங்கச்சிமடம் எனக்குச் சோறு போடுகிற ஊர் என்பதால் அதிகம் புகழ்வதாக நினைக்க வேண்டாம். விவசாயிகள் பார்க்க வேண்டிய ஊர் இது. மதுரைப் பக்கமும் திண்டுக்கல் பக்கமும் பூக்கிற மல்லிகைக்கு நாற்று இங்கிருந்துதான் போகிறது. மணலில் பாத்தி கட்டிக் குச்சி ஊன்றி, வேர் பிடித்ததும் பிடுங்கிக் கட்டுக்கட்டாக லாரி ஏற்றுகிறார்கள். மணல் என்பதால் பிடுங்கும்போது வேர் அறாமல் முழுசாக வருகிறது. அதுதான் இந்த ஊருக்குக் கிடைத்த கொடுப்பினை. கரிசலில் தண்ணி கட்டினால் மல்லிகை வேர் அழுகும். ஆனால் நம் பக்கம் செம்மண் துண்டு வைத்திருப்பவர்கள் பத்து நாற்று வாங்கிப்போய் வைத்துப் பார்க்கலாம். தோட்டக்காரர்களிடம் கேட்டால் எப்போது நடுவது, எப்படிக் கவாத்து எடுப்பது என்று பொறுமையாகச் சொல்வார்கள். இங்கேயே வேர்க்காட்டில் சந்தியாகப்பர் கோயில் இருக்கிறது. ஜூலையில் நடக்கும் அதன் திருவிழாவுக்கு மூன்று மதத்துக்காரர்களும் வருவார்கள்.

பிள்ளைகளுக்காக ஒன்று. பேய்க்கரும்பில் கலாம் ஐயாவின் நினைவிடமும், இராமேஸ்வரம் பள்ளிவாசல் தெருவில் அவருடைய வீடும் இருக்கின்றன. நினைவிடத்தில் ஏவுகணை மாதிரிகளைப் பார்த்துவிட்டு ஓடிவராதீர்கள், வீட்டுக்கும் கூட்டிப்போங்கள். யுத்த காலத்தில் இராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போனபோது, ஓடுகிற வண்டியிலிருந்து எறிகிற பத்திரிகைக் கட்டுகளைப் பொறுக்கி விநியோகித்த பையன் அவர். அவருடைய தகப்பனார் யாத்திரிகர்களைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிப்போகப் படகு கட்டினார், அதைப் புயல் கொண்டுபோயிற்று. தீப்பெட்டி ஒட்டிப் படிக்கவைத்த வீடுகளிலிருந்து வருகிற நம் பிள்ளைகளுக்கு இந்தச் சங்கதிகள் ஏவுகணையைவிடக் கிட்டத்தில் இருக்கும்.

ஏன் மாசி என்கிறேன் என்றால், ஆடியில் கச்சான் காற்று. தென்கடல் கொந்தளிக்கும், மணல் கண்ணைத் திறக்கவிடாது. கார்த்திகை, மார்கழியில் வாடையும் மழையும். மாசியில் காற்று அடங்கியிருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. தனுஷ்கோடித் தண்ணீர்த் திட்டுகளில் பூநாரைகள் கூட்டமாக நிற்கும். 2025 ஜூனில் அந்தப் பகுதியைப் பூநாரை சரணாலயமாக அரசு அறிவித்திருக்கிறது. ஆமைகள் முட்டையிட்டு, வனத்துறை குஞ்சு பொரிக்கவைத்துக் கடலில் விடுகிற காலமும் ஏறக்குறைய அதுதான். மாசி சிவராத்திரியை ஒட்டி மட்டும் வர வேண்டாம், கோயிலில் நெரிசலாக இருக்கும்.

கெஞ்சிக் கேட்கிறேன், இரண்டு காரியம் செய்யாதீர்கள். தர்ப்பணம் முடித்துக் கட்டிய துணியைக் கடலில் விடுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்தத் துணி எங்கும் போவதில்லை. அக்னி தீர்த்தத்தின் அடியில் கிடந்து, அடுத்து முங்குகிறவரின் காலைச் சுற்றுகிறது. வலையிலும் வல்லத்தின் விசிறியிலும் சிக்கி மீனவர் வேலையைக் கெடுக்கிறது. துணி விடுவதுதான் பாவம் தொலைய வழி என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள், பிழிந்து பையில் போட்டு ஊருக்குக் கொண்டுபோங்கள். இரண்டாவது, பவளக்கல், கடல்குதிரை, விதவிதமான சிப்பி என்று கடைகளில் காட்டுவார்கள். பவளமும் கடல்குதிரையும் 2001 முதல் சட்டப்படி புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பில் இருப்பவை. வாங்கினால் உங்கள் மேல் வழக்கு வரும் என்பது ஒருபுறம். வாங்க ஆள் இருக்கும்வரை அதைப் பிய்த்துக்கொண்டே இருப்பார்கள் என்பதுதான் பெரிய விஷயம். பதிலுக்கு, பனையோலையில் முடைந்த கொட்டானும் பெட்டியும் இந்தப் பக்கத்துப் பெண்கள் செய்வது கிடைக்கும். கருவாடு வாங்குவதென்றால் பாம்பனில் வாங்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது என்பதால் அந்தச் சமயத்தில் மீன் விலை கூடுதலாக இருக்கும்.

வேன் பேசும்போதே இரண்டு ராத்திரிக்கு வாடகை பேசிவிடுங்கள், பிறகு டிரைவரோடு தகராறு வேண்டாம். ரூமைக் கோயில் வாசலில் போடாமல் பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் பாருங்கள், சத்தமும் குறைவு. முழங்கால் வலிக்காரர்கள் 22 தீர்த்தத்தையும் ஒரே மூச்சில் ஆட வேண்டியதில்லை, ஈரக் கல் வழுக்கும். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், நம் வீட்டுத் தூக்குவாளியிலும் சொம்பிலும் தண்ணீர் கொண்டுவாருங்கள். வருகிற தேதியைப் பத்து நாள் முந்திச் சொல்லி அனுப்பினால், தனுஷ்கோடியில் ஊற்று பார்க்கவும் சின்னப்பாலத்தில் பேசவும் தெரிந்தவர்களிடம் சொல்லிவைக்கிறேன். மாசியில் பள்ளிக்கூடம் இருக்கும், ஆகவே சனி, ஞாயிறாக இருந்தால் நானும் கூட வருவேன்.

அன்புடன்,
உங்கள் ஊர்ப் பிள்ளை,
தங்கச்சிமடம்.